மருந்துக் கிட்டங்கிக்கு ஆளுக்கு ரெண்டு லைட்டா?

வாங்கடா வீராதி வீரனுங்களா, திண்ணையில உக்காருங்க. நெத்தியில ஒரு லைட்டு, கையில ஒரு லைட்டு, குச்சியில சொருகின செல்போனு. ராத்திரி பன்னெண்டு மணிக்கு நம்ம திண்டுக்கல் மலைக்கோட்டையில ஏறி, இருட்டறைக்குள்ள நொழஞ்சு வீடியோ எடுக்கப் போறீங்களாமே? பலே, நல்ல காரியம். கெழவன் குறுக்க நிக்கல. ரெண்டு விசயம் மட்டும் கேட்டுட்டுப் போங்க.

அந்த இருட்டறை என்னன்னு தெரியுமாடா பேராண்டி? மருந்துக் கிட்டங்கி. காய்ச்சல் மருந்து இல்ல, வெடிமருந்து. ஈரம் பட்டா கெட்டுரும், பொறி பட்டா ஊரையே தூக்கிரும். அதான் ரெட்டைச் செவுரு, காத்துக்கு ஓட்டை. மருந்து வச்ச எடத்துக்குத் தீவட்டியோட எவனையும் அண்ட விடமாட்டாங்க. இரும்பு உரசுனா பொறி தட்டும்னு மரத்துலயும் செம்புலயும் சாமான் செஞ்சு புழங்குன காலம் அது. வெளக்கே ஆகாதுன்னு கட்டுன அறைக்கு நீங்க ஆளுக்கு ரெண்டு லைட்டு!

சரித்திரம் எல்லாம் அத்துப்படின்னான் உன் கூட்டாளி. கட்டுனது யாருடான்னேன். திப்புன்னுட்டான். 1605ல முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் ஆரம்பிச்ச கோட்டைடா. திப்புவோட அப்பன் ஹைதர் அலி ஃபௌஜ்தாரா, அதான் படை அதிகாரியா, வந்ததே 1755ல. வெள்ளைக்காரன் 1767ல புடிச்சான், மறுவருசமே ஹைதர் புடுங்கிட்டாரு. 1783ல திரும்பப் புடிச்சான், 1784ல மங்களூர்ல ஒப்பந்தம் போட்டுத் திருப்பிக் குடுத்தான். அடகுக்கடைக்குப் போயிட்டுப் போயிட்டு வர்ற அண்டா கணக்கா ஆயிப்போச்சு கோட்டை. கடைசியா 1790ல கர்னல் ஸ்டூவர்ட் வந்தான். பீரங்கிய வச்சு அடிச்சான், குண்டு தீரப்போற நேரத்துல ஆளுகளை ஏத்திப் பாத்தான். மேல இருந்தவங்க வெரட்டி விட்டுட்டாங்க. அதுக்கப்புறம் அவங்களாத்தான் கோட்டையை ஒப்படைச்சாங்க. பட்டாளம் தடுக்கி விழுந்த பாறையில நீ தேஞ்ச செருப்போட ஏறப்போற. ஏறுடா ராசா.

சாமி காப்பாத்தும்ங்கிற நெனப்பு மட்டும் வேணாம். உச்சிக் கோயில்ல சாமியே இல்ல. அபிராமி அம்மன் எப்பவோ எறங்கி ஊருக்குள்ள வந்துட்டா. அவளுக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியல.

மேல ஆளே இல்லன்னும் நெனைக்காத. கட்டுவிரியனுக்கும் கண்ணாடி விரியனுக்கும் நைட் ஷிப்டு. கண்ணாடி விரியனாவது சீறிச் சொல்லும். கட்டுவிரியன் மரியாதை தெரிஞ்சது, கடிச்சா வலிகூடப் பெருசாத் தெரியாது. எறும்புன்னு தட்டிவிட்டுட்டு நீ வீடியோவுக்குப் பேரு யோசிச்சுக்கிட்டு இருப்ப.

இந்தக் கண்ணாடிப் பயலுக்குக் கோட்டை பத்தலயாம், காட்டுக்குள்ள யுத்த காலத்து ரோடு வேணுமாம். கொடைக்கானலுக்கு மேல பேரிஜம் வழியா டாப் ஸ்டேஷனுக்கு ஒரு ரோடு கெடக்கு. 1942ல ஜப்பான்காரன் மெட்ராஸ்ல எறங்கிட்டா மூணாறு போயிக் கொச்சிக்கு ஓடிரலாம்னு தொரைமாருங்க நெனச்சு வச்ச வழி. ஜப்பான்காரன் வரல, யானையும் காட்டுமாடும் வந்துருச்சு. 1990லயே அடைச்சாச்சு. ஓடிப்போறதுக்கு வச்ச ரோட்டுல உள்ள போகணும்னு நிக்கிறான் பாரு, இவன் ஒருத்தன்தான்.

அதே கொடைக்கானல்ல குணா குகையில 2006ல ஒரு கேரளாப் பையன் விழுந்தான். நீங்க 2024ல ‘மஞ்ஞுமல் பாய்ஸ்’ படத்துல பாத்து விசில் அடிச்சீங்க. அவனை எறங்கித் தூக்குனது அவன் கூட்டாளிடா. உன் கூட்டாளி? போன தீவாளிக்கு லட்சுமி வெடிக்கு எங்க வீட்டு மாட்டுக்கொட்டத்துல ஒளிஞ்சவன்.

இன்னொண்ணு. கோட்டை மத்தியத் தொல்லியல் துறை கையில இருக்கு, பொழுது சாஞ்சா கேட்டு அடைச்சாச்சு. செவுத்துல பேரைக் கீறுனா ரெண்டு வருசம் வரைக்கும் உள்ள, ஒரு லட்சம் வரைக்கும் அபராதம். கோட்டைக்குள்ள இருக்குற பழைய செயில் அறையைப் பாக்கப் போயி புதுசையும் பாத்துட்டு வரலாம், வசதிதான்.

காலையில டிக்கெட்டு எடுத்துப் போனீங்கன்னா மேல பீரங்கி கெடக்கு, சிறுமலைக் காத்து வரும், ஊரு மொத்தமும் தெரியும். வேணாம்னா இப்பவே கெளம்புங்க. பைக்குச் சாவியைத்தான ரொம்ப நேரமாத் தடவுற? அது என் தகரப்பெட்டியில இருக்கு. நம்மூரு மாங்காப் பூட்டு போட்டிருக்கேன், தெறமை இருந்தா தொறந்துக்க. பூட்டுச் சாவி உங்கம்மா இடுப்புல.