கசிவியல்: பட்டறை மீண்ட ஊர்தியின் எண்ணெய் ஒழுக்கு குறித்த வகைநூல்

மாணாக்க, கேள். பட்டறைக்குச் செல்லுமுன் ஒழுகாதிருந்து, மீண்டபின் ஒழுகும் ஊர்தியே இந்நூலின் ஆய்பொருள். செல்லுமுன்னும் ஒழுகி, மீண்டபின்னும் ஒழுகுவது ‘தொடரொழுக்கு’. அது வேறு நூலுக்கு உரியது. செல்லுமுன் ஒழுகி, மீண்டபின் ஒழுகாததும் உண்டென்பர் சிலர். யாம் கண்டதில்லை.

1. கசிவாவது, பொறிக்குள் இருக்க வேண்டிய எண்ணெய் பொறிக்கு வெளியே இருத்தல். அளவால் அது நான்கு வகைப்படும்: ஊறல், துளிர்த்தல், சொட்டல், ஒழுகல். தொட்ட விரல் நனையின் ஊறல். துளி திரண்டும் விழாது தொங்கின் துளிர்த்தல். விழுந்தால் சொட்டல். துளிக்கும் துளிக்கும் இடைவெளி இல்லையாயின் ஒழுகல். ஊறல் கண்டவன் உறங்கலாம். துளிர்த்தல் கண்டவன் ஒரு கண் வைத்து உறங்கலாம். சொட்டல் கண்டவன் பட்டறைக்குச் செல்வான். ஒழுகல் கண்டவன் பொறியை அணைத்து இறங்குவான்.

2. அடுத்து, கண்டது எண்ணெய்தானா என்று துணிக. வெள்ளைத் தாளில் ஒரு துளி ஏந்துக. நிறமும் மணமுமின்றி உலர்வது குளிரூட்டியின் வடிநீர். அதைக் கண்டு பட்டறையாரை வைதவன் பொறுத்தருள வேண்டுவது முறை. பச்சையோ இளஞ்சிவப்போ கொண்டு இனிய மணம் வீசுவது குளிர்நீர்மம். பட்டறையார் அதனைக் கூலன்ட் என்ப. மணம் இனிதென்று நாவில் வைக்கற்க, நஞ்சு. சக்கரத்தருகே வெளிர்மஞ்சளாய்க் கசிவது தடைநீர்மம், பிரேக் ஆயில். அது நம் நூலுக்குப் புறத்ததாயினும், கண்டவன் நூலை மூடிவைத்து, ஊர்தியை நகர்த்தாது ஆள் அழைப்பானாக.

விரலிடை வழுக்கித் தாளில் பரந்து நிற்பதே பொறியெண்ணெய். இது தேன்நிறத் துளி, கருந்துளி என இரண்டு. எண்ணெய் மாற்றி வந்த பெட்ரோல் ஊர்தியில் தேன்நிறத் துளி விழுந்தால், கசிவது புத்தெண்ணெய், குற்றம் இன்றையது. கருந்துளியாயின் பழைய எண்ணெயின் எச்சம் எங்கோ தங்கியிருத்தல் கூடும். டீசல் ஊர்திக்கு இந்நெறி செல்லாது. அங்கே புத்தெண்ணெயும் விரைந்து கருத்துவிடும். டீசல் ஊர்தியாளன் இவ்வியலைக் கற்கத் தேவையில்லை என்பாரும் உளர். கற்கத்தான் வேண்டும், பயன் இராது, அவ்வளவே.

3. கசிவு பொய்க்கசிவு, மெய்க்கசிவு என இருபாற்படும்.

பொய்க்கசிவு மூன்று. முதலாவது ‘எச்சச்சிந்தல்’. எண்ணெய் வடிப்பியை, அதாவது ஆயில் ஃபில்டரை, கழற்றுங்கால் அதனுள் நின்ற எண்ணெய் கீழுள்ள இரும்புச் சட்டத்தில் வழிந்து, அதன் குழிவுகளில் தங்கி, நாள்பல சொட்டும். இரண்டாவது ‘மேற்சிந்தல்’. புனல் சாய்ந்து பொறியின் மேலே கொட்டியது புகைபோக்கிக் குழாயை அடைந்து கருகி நாறும். மூன்றாவது ‘அயலார் கசிவு’. ஊர்தி நின்ற இடத்தில் அதற்குமுன் நின்ற ஊர்தி விட்டுச்சென்ற கறை இது. அண்டைவீட்டாரோடு பேச்சு முறிந்த குடியிருப்புகளில் மிகுதியும் காணப்படும். மூன்றுக்கும் ஆய்வு ஒன்றே: இரவில் ஊர்தியின் அடியில் புதிய அட்டை விரிக்க. முதலிரண்டும் நாளுக்கு நாள் குறையும்; மூன்றாவது அட்டையில் தோன்றவே தோன்றாது.

4. மெய்க்கசிவு கைவழி, முதுவழி என இரண்டு. பட்டறை மீண்ட ஊர்தியில் கைவழியே முதற்கண் ஆராயத்தக்கது. கைபட்ட இடமே கசிவின் இடம் என்பது எம் நூற்பா. ஆகலின் பட்டறையார் தந்த தாளை எடுத்து, அவர் எவ்வெவ்வுறுப்பைத் தொட்டார் என்று முதலில் படிக்க. தாளில் உள்ள தொகையை இப்போது படிக்கற்க. சினம் ஆய்வுக்குப் பகை.

4.1. அடித்திருகுக் கசிவு. எண்ணெய்த் தொட்டியின் அடியில் வடிப்பதற்கென்று அமைந்த திருகு அடித்திருகு. பட்டறை வழக்கில் டிரைன் போல்ட். தொட்டியைச் சேம்பர் என்ப. திருகுக்கும் தொட்டிக்கும் இடையே செம்பாலோ அலுமினியத்தாலோ ஆன வளையம் ஒன்று உண்டு. தான் நெரிந்து இடைவெளியை அடைப்பதால் அதற்கு ‘நெரிவளையம்’ என்று பெயரிட்டோம். ஒருமுறை நெரிந்தது மறுமுறை நன்கு நெரியாது. ஆயினும் பழைய வளையத்தையே மீண்டும் இடுவது பட்டறை மரபு. அதன் விலை ஒரு தேநீர்க்கு நிகர்.

இதன் உட்பிரிவு இறுக்கக்குறை, இறுக்கமிகை என்பன. குறையால் வரும் கசிவு எளிது; திருகினால் தீரும். மிகையால் வருவது கொடிது. கசிவுக்கு அஞ்சிய ஒருவன் நெடும்பிடித் திருகுசாவியை மாட்டித் தன் எடை முழுதும் தொங்க, அலுமினியத் தொட்டியின் புரி உரிந்துவிடுகிறது. பின்னர் அப்புரியில் வெண்ணாடா சுற்றுவது ‘நாடாக்கட்டு’. மேலே எம்-சீல் அப்புவது ‘மண்ணப்பல்’. இவ்விரண்டும் மருந்தல்ல, தவணை. புதுப்புரி இடுதலோ தொட்டியை மாற்றுதலோதான் தீர்வு.

4.2. வடிப்பிக் கசிவு. இவ்வியலின் முடி இதுவே; ஊன்றிக் கேள். வடிப்பியின் வாயில் ஒரு தொய்வ வளையம் உண்டு. பழைய வடிப்பியைக் கழற்றும்போது அவ்வளையம் சிலகால் பொறியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதனைக் காணாது புதிய வடிப்பியைப் பூட்டினால் வளையத்தின்மேல் வளையம் அமரும். இதற்கு ‘இரட்டைவளையப் பிறழ்ச்சி’ என்று பெயர். ஊர்தி பட்டறையிலிருந்து நன்றாகவே புறப்படும். பட்டறையாரும் கையசைப்பர். பின்னர் எண்ணெய் அழுத்தம் ஏறுந்தோறும் மேல்வளையம் பிதுங்கி வழிவிடும். பொறியின் எண்ணெய் முழுதும் சிறுபொழுதில் தெருவில் கிடக்கும்.

அடித்திருகினும் இது கொடிது, என்னை? அடித்திருகில் எண்ணெய் தன் எடையால் மட்டுமே கசிகிறது. வடிப்பியிலோ எக்கி உந்துகிறது. ஆகவே பொறி நின்றிருக்க ஒழுகாது, முடுக்கியபின் ஒழுகுமாயின் வடிப்பியை ஐயுறுக. புது வளையத்தில் ஒரு விரல் எண்ணெய் தடவி, வளையம் தொட்டபின் கையாலேயே ஏறத்தாழ முக்காற்சுற்று இறுக்குவது பொதுநெறி.

4.3. எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியை மறக்கும் வாய்மூடி மறதி, எண்ணெய் அளக்கும் கோலை மறக்கும் அளவுகோல் மறதி ஆகியவற்றை விரித்துரைக்க வேண்டா. பொறியின் மேல்மூடியை, அதாவது பானெட்டை, திறந்ததும் அதன் உட்புறமெல்லாம் எண்ணெய் தெறித்திருப்பதைக் காண்பாய். வாய்மூடி அருகில் எங்கேனும் கிடக்கும்; பெரும்பாலும் மின்கலத்தின்மேல்.

5. முதுவழிக் கசிவு பட்டறையாரால் ஆகாது, அகவையால் ஆவது. டாப்பெட் கவரின் பொருத்துப்பட்டை வெம்மையில் இறுகி வெடித்தலும், சுழல்தண்டின் உதட்டுவளையம், அதாவது ஆயில் சீல், தேய்தலும் இதன்பாற்படும். பொறிக்கும் பல்லிணைப் பெட்டிக்கும் நடுவே சொட்டினால் பின்வளையம் போயிற்று என்க. வளையத்தின் விலை சிறிது. அதனை அடைவதற்குப் பெட்டியை இறக்கும் கூலி பெரிது. 2014இல் ஆக்கம் நின்ற அம்பாசடரின் பழைய பொறிகளில் அவ்விடத்தில் வளையமே இல்லை. தண்டில் வெட்டிய திருகுவரை, சுழலும்போது எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்பும். சுழலாது நிற்கும்போது அனுப்பாது. ஆகலின் அவ்வூர்தியின் சொட்டலை யாம் கசிவென்று கொள்ளோம், இயல்பென்றே கொள்வோம்.

6. பிறப்பிடம் தேர்தல். எண்ணெய் கீழே இறங்கும். ஓடும் ஊர்தியில் காற்று அதனைப் பின்னே தள்ளும். எனவே துளி வீழ்ந்த இடம் பிறந்த இடமன்று. நனைந்தவற்றுள் மிக உயர்ந்ததும் மிக முன்னதும் எதுவோ, அதுவே பிறப்பிடம். அறியவொட்டாது அழுக்கு மூடியிருப்பின் ஆறிய பொறியைக் கழுவித் துடைத்து, ஐயுற்ற இடங்களில் மாவுத்தூள் தூவி, சிறிது ஓட்டிப் பார்க்க. தூளில் ஈரவரி தோன்றும். அதற்கும் அகப்படாத கசிவுக்கு ஒளிரும் சாயத்தை எண்ணெயில் கலந்து, ஓட்டி, இருளில் புறவூதா விளக்கேந்தித் தேடுக. கசிந்த வழியெல்லாம் மஞ்சட்பச்சையாய் ஒளிரும்.

7. இனிப் பட்டறையார் மறுமொழி. அது நான்கு வகை. “அது பழைய ஆயில் சார், ரெண்டு நாள் ஓடினா நின்னுடும்” என்பது தவணைமொழி. பொய்க்கசிவாயின் இது மெய்ம்மொழியாதலும் உண்டு, ஆய்ந்தன்றி இகழற்க. “இந்த மாடலே இப்படித்தான் சார்” என்பது பொதுமைமொழி. “நீங்க எங்கயாச்சும் கல்லுல இடிச்சீங்களா?” என்பது பழிபெயர்மொழி. “பையன் இன்னிக்கு வரல” என்பது நான்காவது. இதற்கு மட்டும் யாம் பெயரிடவில்லை, பையன் வரட்டும்.

8. புறனடை. இவற்றுள் அடங்காத கசிவு எதிர்ப்படின் ஒத்தவற்றோடு சேர்த்து அடக்குக. அடங்காதவற்றுள் ஒன்றை மட்டும் ஈண்டுக் கூறி முடிப்போம். யாரும் தொடாமலே நின்றுவிட்ட கசிவு கண்டு மகிழுமுன், அளவுகோலை உருவிப் பார்க்க. கோலின் நுனியிலும் எண்ணெய் இல்லையாயின் அதற்கு ‘முடிகசிவு’ என்று பெயரிட்டு, பொறியை முடுக்காது, இழுவை ஊர்திக்குச் சொல்லியனுப்புக.