பாருக்கு வரவு, வைத்தியத்துக்குச் செலவு

தோட்டத் தொழிலாளியைக் குடியிலிருந்து மீட்கச் செலவழித்தால் அந்தக் காசு திரும்பி வருமா என்று கணக்குப் பார்க்கிறார்கள் கனவான்கள். பார்க்கட்டும். அவனைக் குடிக்க வைத்த கணக்கையும் அதே ஏட்டில் எழுதினால் நல்லது.

2024 செப்டெம்பர் வர்த்தமானி அன்று நிர்ணயித்த நாட்சம்பளம் 1350 ரூபாய். மனைவி மழையில் நனைந்து, அட்டைக் கடியோடு எடுத்த கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாட்சம்பளம்தான். சம்பள நாளன்று அந்தக் காசு லயத்து வாசலைத் தாண்டி டவுனுக்கு இறங்குகிறது. பாரில் நிறை குறைந்த பேச்சே இல்லை, எல்லாம் முழுப்பேர். மதுவரித் திணைக்களம் அதை வருமானம் என்று எழுதிக்கொள்ளும். பிள்ளைக்குப் பால்மா இல்லாமல் போனதை எழுத அங்கே பத்தி கிடையாது.

2024இல் நாடெங்கும் 300க்கும் அதிகமான மதுபான அனுமதிப்பத்திரங்கள் கொடுத்த பட்டியல் அந்த டிசம்பரில் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டது. அத்தனைக்கும் யாராவது லாப நட்டம் பார்த்தார்களா? பார் மட்டும் அவன் காலடிக்கே வரும். தேர்தல் வந்தால் போத்தல் லயத்துக்குள்ளேயே, அதுவும் இலவசமாக வரும். வைத்தியத்துக்கு மட்டும் அவன் கண்டிக்கோ தலங்கமவுக்கோ பஸ் ஏற வேண்டும். போன நாளெல்லாம் பேர் விழாது. திரும்பி வந்தால் அதே லயம், அதே கடன், வழியில் அதே பார். மறுபடி குடித்தானா? "திட்டம் தோல்வி" என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள். ஜெயித்த பாரை யாரும் விசாரிப்பதில்லை.

மதுவால் 2015இல் இலங்கைக்கு ஏற்பட்ட இழப்பு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 1 வீதம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். வரி கூட்டுவது, விற்பனையை மட்டுப்படுத்துவது, விளம்பரத்தைத் தடுப்பது ஆகியவற்றில் போடும் 1 டொலருக்கு 9 டொலர் திரும்பும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இலேயே சொன்னது. லாபம் பேசும் கனவான்களின் காதில் இந்த லாபம் மட்டும் விழவில்லை.

டிக்கோயாவில் 150 கட்டில்களோடு கட்டப்பட்ட ஆஸ்பத்திரியை 2017இல் மோடியை அழைத்துத் திறந்தோம். அதில் பத்துக் கட்டிலைக் குடிநோயாளிக்கு ஒதுக்கி, தமிழ் பேசும் உளவளத்துணையாளரை நியமித்து, சிகிச்சை நாட்களுக்கும் பேர் போடட்டும். செலவு தாங்காது என்பவர் அடுத்த முறை வோட்டுக் கேட்டு லயத்துக்கு வரும்போது, உங்கள் டவுன் பாருக்கு அனுமதிப்பத்திரம் கிடைக்கச் சிபாரிசுக் கடிதம் கொடுத்தது யார் என்று முகத்துக்கு நேரே கேளுங்கள்.