மூன்று லட்ச ரூபாய்த் தூண்டில் தடி: வவுனிக்குளக்கட்டிலிருந்து ஒரு மதிப்பீடு

விலை கூடிய தூண்டில் தடி போட்ட காசுக்குப் பெறுமதியானதா என்ற கேள்வியை வவுனிக்குளத்துக்குப் பக்கத்து ஊரான மல்லாவியில் இதுவரை எவரும் முறைப்படி எழுப்பவில்லை. நெல்லுக்கு விலை, யானைக்கு வேலி, காணிக்குப் பெர்மிட் என்று கூட்டம் கூடிப் பேச ஆயிரம் விடயம் இருக்கும் ஊரில் தடியைப் பற்றி யார் பேசுவார்? அந்த இடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். இடைவெளி கண்டால் நிரப்ப வேண்டும் என்பது ஆய்வுலக விதி. நிரப்பச் சொல்லி யாரும் கேட்டார்களா என்பது அந்த விதிக்குள் வராது.

முதலில் வரையறை. இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட தடி, இறகாலும் நூலாலும் பூச்சியைப் போலக் கட்டிய ஒரு பொய் ஈயை எறிவதற்கென்றே செய்யப்படுவது. நீளம் ஒன்பது அடி. நாலு துண்டாகக் கழற்றலாம். நிறை 100 கிராமுக்குக் கீழே. அமெரிக்காவின் ஓர்விஸ், சேஜ் போன்ற பெயர் பெற்ற கம்பனிகளின் முதல்தரத் தடி இன்று 1000 டொலரைத் தாண்டிவிட்டது. நம் காசில் மூன்று லட்சம். நாட்டரிசி நெல்லுக்கு அரசாங்கம் 2025இல் அறிவித்த உத்தரவாத விலை கிலோ 120 ரூபாய். ஆகவே ஒரு தடி 2500 கிலோ நெல். வவுனிக்குளத்துத் தண்ணீர் பாயும் நல்ல வயலென்றாலும் ஏக்கருக்கு மேலே விதைத்து, களை பிடுங்கி, பன்றிக்குக் காவல் இருந்து, வெட்டிக் கொண்டுவந்து கொட்டினால்தான் அந்த அளவு வரும். ரீலும் நூலும் இந்தக் கணக்கில் சேரவில்லை. அவற்றுக்கு இன்னொரு வயல் வேண்டும்.

ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட மற்றத் தடி பக்கத்து வளவு மூங்கில் பற்றையில் வெட்டியது. வெட்டி, கணுவைச் சீவி, நெருப்பில் வாட்டி நிமிர்த்தி, கூரைத் தாழ்வாரத்தில் சொருகிக் காயவைத்தது. நுனியில் கத்தியால் ஒரு சின்ன வெட்டு. அதில் தங்கூசியைச் சுற்றிக் கட்டினால் வழுக்காது. தக்கைக்குப் பழைய பாட்டாச் செருப்பில் ஒரு துண்டு. தங்கூசியும் முள்ளும் சேர்ந்து ஒரு ரோல்ஸுக்கும் பிளேன் ரீக்கும் ஆகிற காசு. மண்புழுவை வாழையடியில் கிண்டி எடுக்கலாம், கிண்டுவது தம்பியாக இருந்தால் கூலியும் இல்லை.

முன்னாய்வுகளுக்கு வருவோம். பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒரு பாண்மகனைக் காட்டுகிறார். தோல்பையில் இறைச்சி இரை, கையில் நெடிய மூங்கில் தூண்டில். வாளை மீன் இரையைக் கவ்விக்கொண்டு தப்பிவிடுகிறது. அதற்குப் பிறகு தண்ணீர்க் கரையில் ஆடும் பிரம்பின் நிழலைக் கண்டாலும் அந்த மீனுக்கு நடுக்கம். தூண்டில் தடி பற்றி மீன் தரப்பில் பதிவான மிகப் பழைய கருத்து இதுவாகத்தான் இருக்கும். மீன் அஞ்சியது தடியின் நிழலுக்கு, விலைக்கு அல்ல என்பதை இங்கே குறித்துவைக்கிறோம். தடியின் விலையை மீன் அறிந்ததற்குச் சங்க இலக்கியத்தில் சான்று கிடைக்கவில்லை.

கி.பி. 200 அளவில் எழுதிய ஈலியன் என்ற உரோம ஆசிரியர், மக்கெதோனியாவின் அஸ்திரேயஸ் ஆற்றில் மக்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவல் தாடையடி இறகு இரண்டைக் கட்டிப் பொய் ஈ செய்தார்கள் என்கிறார். தடி ஆறு அடி, கயிறும் ஆறு அடி. ரீல் இல்லை. கம்பளியையும் இறகையும் எடுத்துவிட்டு மண்புழுவைக் கோத்தால் அது மல்லாவிப் பெடியன்களின் தடி. 1496இல் இங்கிலாந்தில் அச்சான, யூலியானா பேர்னர்ஸ் என்ற கன்னியாஸ்திரி எழுதியதாகச் சொல்லப்படும் தூண்டில் நூலும் தடியை வீட்டிலேயே செய்யச் சொல்கிறது. அதில் ஓர் அருமையான யோசனை உண்டு: தடியைக் குடைந்து நுனித்துண்டை உள்ளே ஒளித்துவிட்டால், கையில் ஊன்றிக்கொண்டு போகும்போது எதற்குப் போகிறீர்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. ஐநூறு வருடத்துக்கு முன்னமே தூண்டிற்காரனுக்கு வீட்டில் என்ன மரியாதை இருந்தது என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம்.

குளத்தில் தூண்டில் போடுவதற்கென்றே ஒரு தனி நூல் உண்டு. சென்னை மாகாணத்தில் பெரிய அதிகாரியாக இருந்த ஹென்றி சலிவன் தோமஸ் 1873இல் இந்தியாவில் தூண்டில் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் ஆசை தீராமல் 1887இல் குளத்துத் தூண்டிலுக்கு இன்னொரு நூல். வவுனிக்குளத்தைப் பற்றி எழுதிய வெள்ளைக்காரர் வேறு. நீர்ப்பாசன அதிகாரி ஹென்றி பாக்கர், 1909இல் வந்த பண்டைய இலங்கை பற்றிய தன் நூலில் இந்தக் குளத்தைத் தீவின் மிகப் பழைய பெருங்குளங்களோடு வைத்துப் பேசினார். அவருக்குக் கட்டும் துருசும் செங்கல்லும்தான் கவலை. இரண்டு ஹென்றிகளும் ஒரே கட்டில் குந்தியிருந்தால் நம் வேலை மிச்சம்.

இனி, பொருள்களின் பூர்வீகம். பொய் ஈ எறியும் தடிகளுக்குப் பெருமை சேர்த்தது பிளந்த மூங்கில். மூங்கிலை ஆறு சிம்பாகப் பிளந்து, முக்கோணமாகச் சீவி, ஒன்றோடொன்று ஒட்டி அறுகோணத் தடியாக்குவார்கள். 19ஆம் நூற்றாண்டில் அதற்குப் போன மூங்கில் கல்கத்தாவில் கப்பலேறியது, நாம் கல்மூங்கில் என்கிற அதே இனம். பிறகுதான் சீனாவின் குவாங்டொங் மாகாணத்து டொங்கின் மூங்கில் அந்த இடத்தைப் பிடித்தது. 1950இல் அமெரிக்கா சீனாவோடு வியாபாரத்தை நிறுத்த, அந்த மூங்கிலும் நின்றது; கண்ணாடியிழைத் தடி மேலே வந்தது. விமானத்துக்கென்று உருவாக்கிய கார்பன் இழை 1970களில் தடிக்கு வந்து சேர்ந்தது. பொய் ஈக்கு வேண்டிய இறகிலும் உயர்ந்த ரகம் தென்னிந்தியச் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்திறகு. தடியும் நம் பக்கம், இறகும் நம் பக்கம். துரைமாருக்குக் குறையாக இருந்தது மீன் ஒன்றுதான். அதையும் 1880களில் இங்கிலாந்திலிருந்து டிரவுட் என்ற மீனின் முட்டையாகக் கொண்டுவந்து நுவரெலியாக் குளிராற்றில் விட்டார்கள். ஊர் மீனைத் தூண்டிலில் பிடித்தால் அது மீன்பிடி; தன் மீனைத் தானே கப்பலில் கொண்டுவந்து விட்டுப் பிடித்தால் அதற்குப் பெயர் கனவான் விளையாட்டு.

இன்றைக்கும் இலங்கைத் தொழிற்சாலைகளில் பொய் ஈ கட்டி வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிறார்கள். பெரும்பாலும் பெண்களின் கைவேலை. ஆகவே கனடாவில் ஒருவர் டொலர் கொடுத்து வாங்கும் ஈ இங்கிருந்து பறந்து போனதாகவும் இருக்கலாம்.

இயற்பியல் இல்லாமல் இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டு நூலை இழுத்துக்கொண்டு போகும். பொய் ஈக்கோ பாரமே இல்லை; ஊதினால் பறக்கும். அதனால் இங்கே நூலுக்குப் பாரம் வைத்திருக்கிறார்கள். ஐந்தாம் இலக்க நூலின் முதல் முப்பது அடி 140 கிரெயின், ஏறத்தாழ ஒன்பது கிராம். எறிவது ஈயை அல்ல, நூலை. மாட்டுக்காரன் சாட்டையைச் சொடுக்குவது போலத் தடியைப் பின்னே கொண்டுபோய் நிறுத்தி, நூல் முதுகுக்குப் பின்னால் முழுதாக நீளும்வரை பொறுத்து, முன்னே கொண்டுவந்து மறுபடி சட்டென்று நிறுத்த வேண்டும். மூன்று லட்சத்தின் இரகசியம் அந்த நிறுத்தத்தில் இருக்கிறது. மலிவுத் தடியின் நுனி நிறுத்திய பிறகும் தலையாட்டிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டம் நூலில் அலையாக ஓடி எறியைக் கெடுக்கும். விலை கூடிய தடியின் நுனி சொன்ன இடத்தில் நிற்கும். கையில் எடுத்துப் பார்த்தோம். உண்மைதான், மறைக்க ஒன்றுமில்லை. அழகான சாமான்.

ஆனால் 200 டொலர்த் தடியிலிருந்து 1000 டொலர்த் தடிக்குப் போகும்போது கூடுவது அந்தக் கடைசிச் சொட்டு அழகுதான். மீன் கூடாது. ஜோன் வுல்ஃப் என்ற அமெரிக்கப் பெண்மணி 1960இல் ஓர் எறியில் 161 அடி எறிந்தார். கார்பன் தடி கடைக்கு வர அப்போது இன்னும் பத்து வருடத்துக்கு மேல் இருந்தது. நூலை நல்லதாக வாங்கி, எறியப் பழகினால் நடுத்தர விலைத் தடி எவருக்கும் போதும் என்பது எங்கள் தீர்ப்பு. பழகாத கைக்கு மூன்று லட்சத் தடி செய்வதெல்லாம், அந்தக் கை பழகவில்லை என்பதைத் தூரத்தில் நிற்பவருக்கும் தெளிவாகக் காட்டுவதுதான்.

கள ஆய்வு ஆவணி மாதத்தில் நடந்தது. கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவுக்காரர் ஒருவர் தடியோடு வந்திருந்தார். காலம் ஆய்வுக்கு உகந்ததல்ல. ஆவணியில் குளம் வற்றி அலைகரை வெளித்துக் கிடக்கும். கச்சான் காற்று ஆளையே தள்ளும். மாரியில் வான் பாயும்போது வந்திருக்கலாம். ஆனால் வான் பாயும்போது இங்கே தடியைத் தேடுவாரில்லை. கரப்பு, அத்தாங்கு, வீச்சுவலை, அதுவும் இல்லாதவனுக்குச் சாரம். டொரன்டோவில் லீவு கிடைப்பதும் கோடையில்தான்.

கட்டின் கீழே கல் அடுக்கில் நின்று உறவுக்காரர் தடியைப் பூட்டினார். துருசடியில் எட்டாம் ஆண்டுப் பெடியன் ஒருவன் தன் மூங்கில் தடியோடு குந்தியிருந்தான். காற்சட்டையை மார்பு வரை இழுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி எறியலாம் என்று உறவுக்காரர் சொன்னார். அதற்கான இறப்பர் உடுப்பும் கொண்டுவந்திருந்தார். குளத்தில் முதலை உண்டு என்று பெடியன் தலையைத் திருப்பாமலே சொன்னான். உடுப்பு மடித்து வைக்கப்பட்டது.

முதல் எறி முன்னே போகவில்லை. பின்னே நின்ற மருதமரக் கிளையில் ஈ ஏறிக்கொண்டது. பின்னால் ஐம்பது அடி வெளி இருக்க வேண்டும் என்று வைத்துச் செய்த கருவி இது. நம் குளங்களின் பின்னால் மருது நிற்கும், ஈச்சம்பற்றை நிற்கும், அவையும் இல்லாவிட்டால் மாடு நிற்கும். கிளையிலிருந்து கழற்றி மறுபடி எறிந்தபோது கச்சான் நூலை மடித்து அவர் தொப்பியிலேயே போட்டது. இதற்கிடையில் பெடியனின் தக்கை ஒவ்வொரு தடவையும் மெல்ல மூழ்கியது. செவுளுக்குள்ளால் ஈர்க்குக் கோத்த ஜப்பான் மீன் கோர்வை நீண்டுகொண்டே போனது. ஜப்பான் மீன் என்று நாம் சொல்லும் திலாப்பியாவின் பூர்வீகம் ஆபிரிக்கா. இலங்கைக்குக் கொண்டுவந்தது 1952இல். டிரவுட்டைப் போல அதுவும் வந்தேறிதான். ஆனால் அதற்குக் கழகமும் இல்லை, கனவானும் இல்லை. எந்தக் குளத்தில் விட்டாலும் பெருகி, எந்தச் சட்டியிலும் கொதிக்கிறது.

விராலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். டிரவுட்டை ஏமாற்றவே இத்தனை நுட்பமும். குஞ்சு காக்கும் விராலுக்கு ஏமாற்றுத் தேவையில்லை. கிட்ட வந்தது ஈயோ தவளையோ செருப்புத் துண்டோ, பாய்ந்து கடிக்கும். தடியின் கம்பனிப் பெயரை வாசித்துவிட்டுக் கடிப்பதில்லை.

கடைசியில் காற்று ஓய்ந்த ஒரு சின்ன இடைவெளியில் எறி ஒன்று அமைந்தது. நூல் நீளமாக விரிந்து, ஈ ஓசையில்லாமல் இறங்கியது. கட்டில் சைக்கிளை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்த ஐயா ஒருவர்கூட “ஆ, சோக்கு” என்றார். உள்ளங்கை அகல ஜப்பான் மீன் ஒன்று வந்தது. உறவுக்காரர் கையை நனைத்து, அதைப் பக்குவமாகப் பிடித்து, முள்ளைக் கழற்றி, படமெடுத்து, திரும்பத் தண்ணீரில் விட்டார்.

ஐயா சைக்கிளைச் சரித்துவிட்டு இறங்கி வந்தார்.

“ஏன் தம்பி விட்டனீங்கள்? பழுதோ?”

“இல்லை ஐயா, அங்கை நாங்கள் பிடிச்சிட்டு விடுறது.”

“பசியில்லாட்டி அதை ஏன் கூப்பிட்டனீங்கள்?”

இந்த வினாவுக்கு ஈலியனிலிருந்து தோமஸ் வரை எங்கள் முன்னாய்வாளர் எவரிடமும் விடை இல்லை. ஐயா அத்தோடு விலையையும் விசாரித்தார். மூன்று லட்சம் என்றதும் தடியை வாங்கி, நுனியிலிருந்து அடிவரை பார்த்து, மோட்டார் எங்கே பூட்டுவது என்று கேட்டார். ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகளைப் படிப்பிக்கப் போர்க்காலப் பொருளாதாரத் தடை பழக்கிய மண் இது. ஒரு சாமானைக் கண்டால் இது இல்லாமல் எப்படிச் சமாளிப்பது என்றுதான் புத்தி முதலில் போகும்.

உத்தரவாதம் பற்றி உறவுக்காரர் வாதாடினார். ஓர்விஸ் தடிக்கு 25 வருட உத்தரவாதம், முறிந்தால் திருத்தித் தருவார்கள். நியாயமான வாதம்தான். மூங்கில் பற்றைக்கு எழுத்தில் உத்தரவாதம் கிடையாது. முறிந்தால் கத்தியோடு போக வேண்டும், அவ்வளவு. ஜப்பானியரின் டென்காரா என்ற முறையில் ரீலே இல்லை, தடி நுனியில் நேரே நூல். அமெரிக்காவில் 2009 தொடக்கம் அதை எளிமையின் தத்துவம் என்று சொல்லி நல்ல விலைக்கு விற்கிறார்கள் என்ற தகவலையும் அவரே தந்தார். துருசடிப் பெடியனிடம் இதைச் சொன்னோம். அவன் தன் தடியை ஒருமுறை பார்த்துவிட்டு, எவ்வளவு தருவார்கள் என்று கேட்டான்.

ஆய்வின் எதிர்பாராத முடிவு வீட்டில் கிடைத்தது. இந்தத் தடி இரண்டரை அடி நீள அலுமினியக் குழாய் ஒன்றுக்குள் வருகிறது. உள்ளே துணிப்பை, வாயில் புரி மூடி. பெரியம்மா தடியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மூடியைத் திருகித் திறந்தார், மூடினார், கிணற்றடி வாளித் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தார், எடுத்துத் திறந்து உள்ளே விரலை விட்டுத் தடவினார். ஈரமில்லை. 2008இல் போரால் ஊரோடு இடம்பெயர்ந்தபோது காணிப் பெர்மிட்டையும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களையும் சொப்பிங் பையில் சுற்றி மாரிமழைக்குள்ளால் கொண்டு திரிந்தவர் அவர். பிறகு ஒவ்வொன்றுக்கும் கச்சேரி வாசலில் நின்றவரும் அவர்தான்.

“தடியை நீ கொண்டு போ தம்பி,” என்றார், “குழாயை வைச்சிட்டுப் போ.”

உறவுக்காரர் தடியைத் துணிப்பையோடு சூட்கேசில் சாரங்களுக்கு நடுவே வைத்துக் கொண்டு போனார். பெர்மிட் குழாய்க்குள் சுருண்டு போயிருக்கிறது, மடிப்பு விழவில்லை. பக்கத்து வீட்டுக்காரரும், அவருக்கு அடுத்த வீட்டுக்காரரும் வந்து திருகிப் பார்த்துவிட்டார்கள். குழாயை மட்டும் தனியாக விற்பார்களா, மொத்தமாக எடுத்தால் மல்லாவிக்குக் கொண்டுவரக் கூலி எவ்வளவு ஆகும் என்று கனடாவுக்கு எழுதிக் கேட்டிருக்கிறோம்.