சட்டம் தொடாத பொட்காஸ்ட்

அம்பிட்டியவில் புதிதாக மைக் வாங்கிய தம்பிமாருக்கு நல்ல செய்தி: பேச்சைக் காக்க நம் இலங்கையில் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் குடியியல், அரசியல் உரிமைகளைப் பேணவே வந்தது. 2023 மே மாதம், மதம் பற்றிய ஒரு பகிடிக்காக, நகைச்சுவைக் கலைஞர் நதாஷா எதிரிசூரியவை அது அவ்வளவு அக்கறையாகப் பேணியதில், பிணை கிடைக்க ஜூலை ஆகிவிட்டது. அந்தப் பகிடியின் வீடியோவைப் போட்ட யூடியூப்காரரையும் மறக்கவில்லை. 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்தது. ஆதரவு 108, எதிர்ப்பு 62. எது பொய் என்று சொல்லித்தர ஒரு ஆணைக்குழுவுக்கே அதில் இடமுண்டு. கொடுத்துவைத்தவர்கள் நாம்!

ஆகவே, மதம் வேண்டாம். அரசியல் வேண்டவே வேண்டாம். விருந்தினர் சிரிக்கத் தொடங்கினால் மைக்கை அணையுங்கள். பாட்டுப் போட ஆசையா? இயற்றியவர் இறந்து 70 ஆண்டுகள் பொறுங்கள்.

மிஞ்சுவது மௌனம். அம்பிட்டிய தேசிய குருமடத்துப் பக்கமாகப் பதிவு செய்தால் இன்னும் தரமாக வரும். நேரத்தில் மட்டும் கவனம்: நான்கு நிமிடம் முப்பத்துமூன்று விநாடி மௌனத்தை ஜோன் கேஜ் 1952இலேயே இசையாக அமைத்துவிட்டார். அவர் இறந்தது 1992இல். 2062 முடியும்வரை ஒரு விநாடி கூட்டியே பேசாதிருங்கள்.