கோட்டை இல்லீங்க, ஜவுளி குடோன்

திருப்பூரில் பாத்திரத்துக்குப் பேர்போன அனுப்பர்பாளையத்துக்காரரை எந்த மியூசியத்துக்கும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். மற்றவர்கள் ஒரு பொருளின் வயதைக் கேட்பார்கள். நாங்கள் எடையைக் கேட்போம்.

சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு மாமாவோடு போயிருந்தேன். நாற்பது வருஷம் பாத்திரப் பட்டறை நடத்தியவர். செம்பா, பித்தளையா, எவர்சில்வரா என்று கண்ணை மூடிக்கொண்டு சத்தத்திலேயே சொல்லிவிடுவார். வாசலில் இருந்த பீரங்கியை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டார். "நல்ல வார்ப்பு மாப்ளே. உருக்கினா எத்தனை அண்டா வரும்ங்கறே?" பக்கத்தில் நின்ற காவலர் எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கும்பினிக்காரன் திப்பு சுல்தானைக்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டான்.

கோட்டை என்றதும் நமக்கு வாள், குதிரை, வீரம் என்று சினிமா ஓடுகிறது அல்லவா? அதை ஆஃப் பண்ணுங்கள். 1639-ல் கிழக்கிந்தியக் கும்பினிக்காரர் பிரான்சிஸ் டே இந்தக் கடற்கரையில் இடம் பிடித்தது நாடு பிடிக்க அல்ல, துணி வாங்க. மற்ற இடங்களைவிட இங்கே துணி 20 சதவீதம் மலிவு என்று மேலிடத்துக்கு எழுதினார். இன்றைக்குத் திருப்பூருக்கு வந்து இறங்கும் ஃபாரின் பையர் முதலாளிக்கு அனுப்பும் மெயிலும் அதேதான்.

கப்பல் நிற்க ஒழுங்கான துறைமுகம்கூட இல்லாத இந்த மணல்மேட்டை ஏன் பிடித்தார் என்பதற்கு அந்தக் காலத்திலேயே ஒரு கிசுகிசு உண்டு. பக்கத்தில் சாந்தோமில் அவருக்கு ஒரு காதலி இருந்தாராம். அடிக்கடி போய்வர வசதியாக இருக்கட்டும் என்று கும்பினிச் செலவில் ஒரு நகரத்தையே உருவாக்கிவிட்டாராம். கிசுகிசு பொய்யாகவே இருக்கட்டும். ஆபீஸ் செலவில் சொந்த வேலை பார்க்கும் கலைக்கு இதைவிடப் பெரிய சாம்பிள் கிடையாது.

இந்தக் கலையில் அடுத்த சாம்பியன் எலிஹு யேல். 1687-லிருந்து 1692 வரை இங்கே கவர்னர். கும்பினிச் சம்பளத்தோடு சைடு பிசினஸும் அமோகம். முறைகேடு என்று பதவியைப் பிடுங்கினார்கள். மனுஷன் அலட்டிக்கொள்ளவில்லை, காசோடு ஊர் போய்ச் சேர்ந்தார். அமெரிக்காவில் ஒரு காலேஜ் கட்டிடத்துக்குப் பணம் இல்லாமல் திண்டாடியபோது, 1718-ல் ஒன்பது பேல் சரக்கு அனுப்பினார். கூடவே 417 புத்தகங்கள், அரசர் படம் ஒன்று. சரக்கு விற்ற வகையில் கிடைத்தது சுமார் 562 பவுண்டு. அந்தக் காலேஜ்தான் இன்றைய யேல் பல்கலைக்கழகம். அந்தச் சரக்கில் மஸ்லினும் காலிகோவும் உண்டு. ஒன்பது பேல்! எங்கள் பக்கம் ஒன்பது பேல் கொடுத்தால் கோயில் டியூப்லைட்டில் பேர் போடுவார்கள், அதுவும் சின்ன எழுத்தில்.

சரி, உள்ளே போவோம். இந்த அருங்காட்சியகக் கட்டிடம் 1795-ல் முடிந்தது. முதலில் மெட்ராஸ் பேங்க் ஆபீஸ் இங்கேதான். மாடியில் வணிகர்களும் கப்பல்காரர்களும் கூடிப் பேசும் பெரிய ஹால். பொதுக்கூட்டம், கேளிக்கை எல்லாம் அங்கே. லாட்டரிக் குலுக்கலும் அங்கேதான்! ஒரே பில்டிங்கில் பணத்தைப் போட ஒரு கவுண்டர், தொலைக்க ஒரு கவுண்டர். தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரியைத் தடை செய்த அரசின் தலைமைச் செயலகமும் இதே கோட்டைக்குள்தான் இருக்கிறது என்பது கட்டிடங்களுக்கே உரிய குசும்பு.

அது போதாதென்று 1796-ல் மொட்டை மாடியில் கலங்கரை விளக்கம் வைத்தார்கள். நகரத்தின் முதல் கலங்கரை விளக்கம் அதுதான். எரிந்தது எதில் தெரியுமா? தேங்காயெண்ணெயில். ஏழு கடல் ஆண்ட வெள்ளைக்காரன் கப்பல் கரை சேர்ந்ததற்கு நம் பாட்டி தலைக்குத் தேய்த்த எண்ணெய்தான் காரணம்.

மாடிப்படி அருகே கார்ன்வாலிஸ் பிரபு நிற்கிறார், பளிங்கில். கழுத்தை நிமிர்த்தித்தான் முகத்தைப் பார்க்க முடியும். அவ்வளவு கம்பீரம். இவர்தான் 1781-ல் அமெரிக்காவில், யார்க்டவுனில், வாஷிங்டனிடம் சரணடைந்தவர். சரணடையும் சடங்குக்கு ஆள் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி, வாளைக் கொடுக்க உதவித் தளபதியை அனுப்பிவிட்டார். பரீட்சை அன்றைக்கு வயிற்றுவலி வரும் பையனை நாம் எத்தனை திட்டியிருப்போம்!

ஒரு கண்டத்தையே கோட்டை விட்டவருக்கு என்ன தண்டனை? இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரல் பதவி. இங்கே வந்து 1792-ல் திப்புவை மடக்கினார். 3 கோடியே 30 லட்சம் ரூபாய் அபராதம். அது வந்து சேரும்வரை திப்புவின் இரண்டு சின்னப் பையன்கள் பிணை. சிலையின் பீடத்தில் அந்தக் காட்சியைத்தான் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பாக்கி வசூலிக்கப் பிள்ளைகளைப் பிடித்து வைத்ததைக் கல்லில் செதுக்கிப் பெருமைப்பட்ட ஃபைனான்ஸ் கம்பெனி உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

சிலையின் கதி? 1800 வாக்கில் கோட்டை மைதானத்தில் ஜம்மென்று நிறுத்தினார்கள். பிறகு கடற்கரைச் சாலைக்கு மாற்றினார்கள். அங்கிருந்து கன்னிமாரா நூலகம். கடைசியில் திரும்பவும் கோட்டைக்குள், இந்த மாடிப்படிக்குப் பக்கத்தில். பிரபுவாகவே இருந்தாலும் சொந்த வீடு இல்லையென்றால் இதுதான் கதி. மாமா பளிங்கைத் தட்டிப் பார்க்கவில்லை. "கல்லுல நமக்கு வேலையில்ல" என்று நகர்ந்துவிட்டார்.

எம்டன் போட்ட குண்டின் துண்டும் இங்கே இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி அந்த ஜெர்மன் கப்பல் வந்து அரைமணி நேரம் போலச் சுட்டது. எண்ணெய் டாங்குகள் பற்றி எரிந்தன. கப்பல் போய்விட்டது. ஊரில் பாதி மூட்டை கட்டியது. ஆனால் 'எம்டன்' என்ற சொல் மட்டும் தமிழிலேயே தங்கிவிட்டது, எல்லார் வீட்டிலும் ஒரு பெரியப்பாவைக் குறிக்க. 2006-ல் 'எம்டன் மகன்' என்று படம் எடுத்து, தமிழ்ப் பேர் வைத்தால்தான் வரிவிலக்கு என்பதால் 'எம் மகன்' என்று மாற்றினார்கள். தொண்ணூறு வருஷம் நம்மோடு குடியிருந்தும் எம்டனுக்கு ரேஷன் கார்டு கிடைக்கவில்லை.

கடைசியாக ஒரு துணி.

1947 ஆகஸ்ட் 15 அதிகாலை இந்தக் கோட்டையில் ஏறிய மூவர்ணக் கொடி. பட்டு. 12 அடிக்கு 8 அடி. கண்ணாடிப் பெட்டிக்குள், மங்கலான வெளிச்சத்தில். ஈரம் உறிஞ்ச சிலிக்கா ஜெல் வைத்திருக்கிறார்கள். நம்ம எக்ஸ்போர்ட் பெட்டிக்குள் போடுகிறோமே, அதே சிலிக்கா ஜெல். பனியனுக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே எதிரி, பூஞ்சை.

கொடி என்றால் எங்களுக்குக் கொஞ்சம் உரிமை அதிகம். 1932 ஜனவரி 11-ல் திருப்பூர் குமரன் கொடியை விடாமல் உயிரை விட்டார். சரியாகப் பதினைந்தாம் நாள், ஜனவரி 26, ஆர்யா என்கிற பாஷ்யம் இதே கோட்டையின் கொடிக்கம்பத்தில் ராத்திரியோடு ராத்திரியாக ஏறி மூவர்ணத்தைக் கட்டிவிட்டு இறங்கினார். பீரங்கி, காவல், ராணுவம் எல்லாம் இருந்த கோட்டை. விடிந்தபிறகுதான் வெள்ளைக்காரன் அண்ணாந்து பார்த்தான். நாம் இன்று சுவரில் மாட்டுகிற, முண்டாசும் முறுக்கு மீசையுமான பாரதி படத்தை வரைந்தவரும் அதே ஆர்யாதான்.

மாமா அந்தப் பெட்டிக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். எடை கேட்கவில்லை. ஓரத்தையே உற்றுப் பார்த்துவிட்டு, "தையல் சுத்தமா இருக்குது மாப்ளே" என்றார். துணி வாங்க வந்தவன் கட்டிய குடோனில் இப்போது கூட்டம் நிற்பது அந்த ஒரு துணிக்கு முன்னால்தான்.

வெள்ளிக்கிழமை லீவு. மற்ற நாளில் போங்க. செயலகம் இருப்பதால் செக்கிங் உண்டு, அடையாள அட்டை கையில் வைத்துக்கொள்ளுங்க. வாசலில் இருக்கும் பீரங்கியை மட்டும் தட்டாதீங்க. அந்தக் காவலர் அனுப்பர்பாளையத்துக்காரர்களை இன்னும் மறந்திருக்க மாட்டார்.