எண்ணெய், எரிவாயு, இன்னபிற

கேள்வி: எண்ணெய் வளம் ஒரு நாட்டுக்கு வரமா, சாபமா?

பதில்: இதற்குப் பட்டிமன்ற நடுவரை அணுகுவதே முறை, அவரும் பண்டிகை நாளன்றுதான் தீர்ப்பளிப்பார்.

கேள்வி: கத்தார் ஒரு சின்னஞ்சிறு நாடு. உலக அரங்கில் அதற்கு எப்படி இவ்வளவு செல்வாக்கு?

பதில்: ஏமாற்றத்தில் பிறந்த செல்வாக்கு அது. 1971இல் கடலடியைத் துளைத்தபோது எண்ணெய்க்குப் பதிலாக எரிவாயு அகப்பட, அருகில் வாங்க ஆளில்லாத அந்தச் சரக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கிடந்த இடத்திலேயே கிடந்தது. பின்னர், வாயுவை மைனஸ் 162 பாகை செல்சியஸ் வரை குளிர்வித்துத் திரவமாக்கி, அறுநூறில் ஒரு பங்காகச் சுருக்கிக் கப்பலேற்றும் தொழிலில், அதாவது எல்.என்.ஜி. எனப்படும் திரவ எரிவாயு வணிகத்தில், கத்தார் பெருங்கடன் வாங்கி இறங்கியது. 1990களின் பிற்பகுதியில் ஜப்பானுக்குச் சரக்கு போகத் தொடங்கியதும் பணத்தோடு அச்சமும் சேர்ந்து வந்தது. ஏனெனில் ஒருபுறம் சவூதி அரேபியாவும், மறுபுறம் அதே எரிவாயுப் படிவத்தின் மற்றொரு பகுதிக்கு உரிய ஈரானும் இருந்தன. ஆகவே கத்தார் எல்லாத் தரப்புக்கும் இடம் கொடுத்தது: அமெரிக்காவுக்கு அல் உதெய்த் விமானத்தளம், ஹமாஸுக்கும் தாலிபானுக்கும் தோஹாவில் அலுவலகம், அனைவரையும் விமர்சிக்க அல் ஜசீரா (அந்த ‘அனைவரில்’ உள்ளூர் அரசு அடங்காது).

2017 ஜூனில் சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், பஹ்ரைன், எகிப்து ஆகிய நான்கும் உறவை முறித்து, வழிகளை அடைத்து, அல் ஜசீராவை மூடுவது உட்பட 13 கோரிக்கைகளை நீட்டின. பாலுக்குச் சவூதியைப் பெரிதும் நம்பியிருந்த கத்தாருக்குக் கறவைமாடுகள் விமானத்தில் வந்திறங்கின. அவற்றுக்குச் சன்னலோர இருக்கை கிடைத்ததா என்பதை இராசதந்திர வரலாறு பதிவு செய்யவில்லை. இத்தனைக்கும் நடுவில், அமீரகத்துக்குச் செல்லும் டால்ஃபின் கடலடிக் குழாயில் கத்தாரின் எரிவாயு தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்ததால், கத்தாரைக் கண்டித்து அறிக்கை எழுதப்பட்ட அறைகளைக் குளிர்வித்ததில் கத்தாருக்கும் பங்கிருந்திருக்கக்கூடும். 2021 ஜனவரியில் முற்றுகை விலகியது. அல் ஜசீரா மூடப்படவில்லை. ஆயினும் 2025இல், ஜூனில் ஈரானும் செப்டம்பரில் இஸ்ரேலும் கத்தாரைத் தாக்கியபோது, எல்லோருக்கும் இடம் கொடுத்தால் எல்லோருடைய சண்டையும் வந்து சேரும் என்பதும் வெளிப்பட்டது.

கேள்வி: பெட்ரோல் விலை எப்போது குறையும்?

பதில்: தேர்தல் தேதி அறிவிக்கப்படுவதற்குச் சற்று முன்.

கேள்வி: ரஷ்யா எரிவாயுவை நிறுத்தியபோது அதிகம் இழந்தது யார்?

பதில்: குழாயை நம்பிய இருவரும். கப்பல் நடுக்கடலில் திரும்பி வேறு துறைமுகம் போகும், குழாயோ கல்யாணம் மாதிரி இரு முனைகளையும் கட்டிப்போடும் என்று இப்பகுதி எத்தனையோ முறை எழுதியாயிற்று. பெர்லினுக்கு இவ்விதழ் செல்வதில்லை போலும். 2006, 2009 ஆகிய ஆண்டுகளின் ஜனவரியில், உக்ரைனோடு எழுந்த விலைத் தகராறில் எரிவாயு தடைபட்ட பிறகும் ஐரோப்பா திருந்தவில்லை. 2022க்கு முன் ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதி செய்த எரிவாயுவில் சுமார் 40 விழுக்காடு ரஷ்யாவுடையது. 2005இல் ஜெர்மனியின் ஆட்சித் தலைமையை விட்டிறங்கிய கெர்ஹார்ட் ஷ்ரோடரின் பெயர், சில வாரங்களிலேயே, ரஷ்யாவிலிருந்து வரவிருந்த நோர்ட் ஸ்ட்ரீம் குழாய்த் திட்டத்தின் பங்குதாரர் குழுத் தலைமைக்கு அறிவிக்கப்பட்டது. ஓய்வுபெற்ற தலைவர்களின் கையில் பேரப்பிள்ளைகளைக் கொடுக்கலாமே தவிரக் குழாய்களைக் கொடுக்கலாகாது என்பது இப்பகுதியின் பழைய கொள்கை. ஜெர்மனி 2022 டிசம்பருக்குள் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் மிதக்கும் எல்.என்.ஜி. முனையம் அமைத்து ஒருவாறு சமாளித்தது. ரஷ்யாவின் மேற்குச் சைபீரிய வாயுவுக்கோ போக்கிடமில்லை, ஏனெனில் 2019இல் திறக்கப்பட்ட சீனக் குழாய் கிழக்குச் சைபீரிய வயல்களோடுதான் இணைந்திருந்தது.

கேள்வி: என் மகன் தோஹாவில் கட்டடத் தொழிலாளி. இந்த அரசியலில் எங்களைப் போன்றவர்களுக்கு என்ன இடம்?

பதில்: பெரிய இடம்தான், அம்மா, ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் நாற்காலி போடப்படாத இடம். 1990இல் ஈராக் குவைத்தைக் கைப்பற்றியபோது சுமார் 1,70,000 இந்தியர்களை விமானங்களில் மீட்க நேர்ந்தது. அவர்களில் எவரும் எண்ணெய் விலையை நிர்ணயித்தவர் அல்லர். வளைகுடா அரசுகளிடம் டெல்லி தணிந்த குரலில் பேசுவதற்கு எரிபொருள் ஒரு காரணமென்றால், அங்குள்ள ஏறத்தாழ 90 லட்சம் இந்தியர்களின் பாதுகாப்பும் அவர்கள் அனுப்பும் பணமும் மற்றொரு காரணம். கத்தாரில் 2023 அக்டோபரில் மரண தண்டனை விதிக்கப்பட்ட முன்னாள் இந்தியக் கடற்படையினர் எட்டுப் பேரின் விடுதலை 2024 பிப்ரவரி 12இல் அறிவிக்கப்பட்டது. அதற்கு ஆறு நாள் முன்பு, 2028 முதல் 2048 வரை ஆண்டுக்கு 75 லட்சம் டன் எல்.என்.ஜி. வாங்கும் ஒப்பந்தம் கத்தாரோடு கையெழுத்தாகியிருந்தது. சான்றின்றி இரண்டுக்கும் முடிச்சுப் போடலாகாது. எனினும் நீண்டகால வணிகம் உள்ள இடத்தில் பேசுவதற்கு வழி அடைபடுவதில்லை. கத்தார் 2020இல் செய்த சட்டத் திருத்தங்களின்படி, முதலாளியின் தடையில்லாச் சான்று இன்றியே தொழிலாளி வேலை மாறலாம் என்பதையும், குறைந்தபட்ச அடிப்படை ஊதியம் மாதம் 1,000 ரியால் என்பதையும் மகனுக்குத் தெரிவிக்கவும். குறைத்துத் தரப்பட்டால் அவர் இந்தியத் தூதரகத்தை அணுகவேண்டும்.

கேள்வி: எண்ணெய்க் குளியல் உடம்புக்கு நல்லதா?

பதில்: சனிக்கிழமையன்று மறுபடி அனுப்பவும்.