வெள்ளிக்கிழமை இல்லாத ஞாயிறு

ஈஸ்டர் என்றால் என்ன என்று எங்கள் கடற்கரை ஊர்ப் பிள்ளைகளிடம் இன்று கேட்டால் முட்டை என்கிறார்கள், முயல் என்கிறார்கள். தவக்காலம் பாதி கழிவதற்குள் நாகர்கோவில் கடைகளில் வண்ணத்தாள் சுற்றிய சாக்லேட் முட்டைகள் வந்துவிடுகின்றன. முட்டையின்மேல் எனக்குக் கோபமில்லை. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் தவக்காலம் முழுவதும் முட்டை விலக்கப்பட்ட உணவு. கோழிகள் இட்டுச் சேர்ந்த முட்டைகளை வேகவைத்து, சாயம் தோய்த்து, பாஸ்கா அன்று மந்திரித்துப் பகிர்ந்துகொண்டார்கள். பசித்திருந்தவர் கையில் வந்து விழுந்த முட்டை அது. நம்மிடம் முட்டை வந்து சேர்ந்தது, பசி வரவில்லை.

எங்கள் சிறுவயதில் பசி இருந்தது. சாம்பல் புதன் தொடங்கிப் பெரியவர்களுக்கு ஒருவேளை மட்டும் உண்ணும் ஒருசந்தி, வெள்ளிதோறும் இறைச்சி தவிர்க்கும் சுத்தபோசனம். மீன் விலக்கில்லை, ஆனாலும் மீனை நம்பிப் பிழைக்கும் ஊரில் பல வீடுகளில் மீன்சட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். சிலுவைப் பாதையின் 14 தலங்களிலும் முழங்கால் மணலில் பதியும். பெரிய வியாழன் திருப்பலியோடு கோயில் மணி அடங்கும். பிறகு மரக்கட்டை தட்டும் ஓசைதான். வெள்ளியன்று பீடத்தில் துணி இருக்காது, நற்கருணைப் பேழை திறந்து வெறுமையாகக் கிடக்கும். அந்த வெறுமையைப் பார்த்துப் பாட்டிமார் அழுதது எனக்கு அப்போது விளங்கவில்லை.

சனி இரவில் விளக்கெல்லாம் அணைத்து, வெளியே புதுத்தீ மூட்டுவார்கள். பாஸ்கா மெழுகுதிரியில் சிலுவையையும் அகர னகரத்தையும் அந்த ஆண்டின் நான்கு எண்களையும் கீறி, ஐந்து சாம்பிராணி மணிகளைச் சாமியார் பதிப்பார். ஐந்தும் இயேசுவின் ஐந்து காயங்கள். இருட்டுக்குள் முதலில் நுழைகிற ஒளி காயங்களைச் சுமந்துகொண்டே வருகிறது. தோமாவிடம் உயிர்த்தவர் காட்டியதும் அவற்றைத்தான். உயிர்ப்பு காயத்தை மறைத்துவிடவில்லை. ஈஸ்டரைப் பற்றி நான் நம்புகிற எல்லாம் இதற்குள் அடங்கும்.

நற்செய்திகளைத் திறந்தால் அந்த முதல் ஞாயிறில் கொண்டாட்டம் எதுவும் இல்லை. உடலுக்குப் பூச நறுமணப் பொருளோடு போன பெண்கள் இருக்கிறார்கள். மாற்கு நற்செய்தியின் மிகப் பழைய படிகள் 16ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தோடு நின்றுவிடுகின்றன. அங்கே அந்தப் பெண்கள் நடுங்கி ஓடுகிறார்கள், அச்சத்தால் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. லூக்காவில் அவர்கள் போய்ச் சொன்னபோது அப்போஸ்தலர்கள் அதை வெறும் பிதற்றல் என்றே எண்ணினார்கள். யோவானில் மகதலா மரியா கல்லறைக்கு வெளியே நின்று அழுகிறாள். உயிர்ப்பை எதிர்பார்த்து அவள் வரவில்லை. உடலைக் காணோம் என்பதுதான் அவள் அழுகை.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் எங்கள் கரையை ஒட்டிக் கடந்து போனது. கடலுக்குப் போயிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட மீனவர்கள் திரும்பவில்லை. பலருக்கு உடல்கூடக் கிடைக்கவில்லை, புதைக்கக் குழி தேவைப்படவில்லை. அடுத்த ஈஸ்டர் 2018 ஏப்ரல் 1. அந்த இரவில் மணிகள் ஒலித்து, வெடிச் சத்தத்தோடு திரை விலகி, உயிர்த்த ஆண்டவர் சுரூபம் எழுந்தபோது அவர்கள் வீட்டார் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று நான் தலைகுனிந்து நின்றேன்.

பூசை முடிந்ததும் கணவனைக் கடலில் இழந்த அக்கா ஒருத்தியிடம் போனேன். ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“மகதலா மரியாளுக்கும் உடம்பு கிடைக்கலியே மக்ளே. அவளத்தானே ஆண்டவர் முதல்ல பேர் சொல்லிக் கூப்பிட்டாரு.”

எந்தப் பிரசங்கத்திலும் இதை நான் கேட்டதில்லை. நான் எடுக்கும் மறைக்கல்வி வகுப்பில் இப்போது முட்டைக்கு வண்ணம் தீட்டச் சொல்கிறார்கள், தீட்டட்டும். அதற்கு முன் யோவான் 20ஆம் அதிகாரத்தை வாசிக்க வைக்கிறேன், அழுகிற பெண்ணிலிருந்து தொடங்கி. போன ஆண்டு வாசித்தவன் அந்த அக்காவின் இளைய மகன்.